தனியார் மண் அணைகள்: உயரம் குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

சிறிய அணை உடைந்தால் பாதிப்பும் சிறிதாகவே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1977-ஆம் ஆண்டு உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை, அந்த எண்ணம் தவறு என்பதை உணர்த்தியது.

டொக்கோவா நகருக்கு அருகே, கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் வளாகத்துக்கு மேற்புறத்தில் இருந்த அந்தத் தனியார் மண் அணையின் உயரம் சுமார் 12 மீட்டர் மட்டுமே. நீர்மின் உற்பத்திக்குப் பயன்பட்டு வந்த அதன் ஏரி, 1957-இல் மின் உற்பத்தி நிறுத்தப்பட்ட பின்னர் பொழுதுபோக்கு இடமாக மட்டுமே இருந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை, பலத்த மழையைத் தொடர்ந்து அணை உடைந்தது. உறக்கத்தில் இருந்த குடியிருப்புகளை வெள்ளம் சூழ்ந்ததில் 39 பேர் உயிரிழந்தனர்.

உடைந்தது ஏன்?

ஒரே ஒரு காரணத்தை விசாரணையில் உறுதிப்படுத்த இயலவில்லை. எனினும், கரையின் வெளிப்புறச் சரிவு மிகச் செங்குத்தாக இருந்ததும், அதில் மரங்கள் வளர்ந்திருந்ததும் தெரியவந்தது. சரிவின் ஒரு பகுதி 1973-ஆம் ஆண்டிலேயே சரிந்திருந்தது. அணையின் வடிவமைப்பு வரைபடங்கள் கூடக் கிடைக்கவில்லை.

பொதுவாக மண் அணைகள் மூன்று வழிகளில் உடைகின்றன. நீர் கரையைத் தாண்டி வழிந்து மண்ணை அரிக்கலாம். கரைக்குள் ஊடுருவும் கசிவு மண்ணை உள்ளிருந்தே அரித்துச் செல்லலாம். ஈரத்தில் ஊறிய சரிவு பெயர்ந்து விழலாம். பட்டுப்போன மரங்களின் வேர்கள் கசிவுக்கு வழி அமைத்துத் தரும்.

இந்தியாவில் சட்டம் என்ன கூறுகிறது?

டொக்கோவா விபத்துக்குப் பின், ஆபத்து மிகுந்த தனியார் அணைகளை ஆய்வு செய்ய அதிபர் ஜிம்மி கார்ட்டர் உத்தரவிட்டார். ஆய்வுக்குள்ளான அணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டது.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, தனியார் உரிமையாளர்களுக்கும் பொருந்தும். ஆனால், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளே நேரடியாக அதன் வரம்புக்குள் வருகின்றன. 10 முதல் 15 மீட்டர் வரையிலானவை, 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றையேனும் நிறைவு செய்ய வேண்டும். அதற்கும் குறைந்த உயரமுள்ளவை இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை.

ஆனால், ஓர் அணையால் நேரக்கூடிய ஆபத்தை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் கீழே எத்தனை பேர் வசிக்கின்றனர் என்பதும் தீர்மானிக்கிறது. கரையில் புதிய ஈரம், கலங்கிய கசிவுநீர், விரிசல், அடைபட்ட வழிந்தோடி ஆகியவற்றைக் காணும் கிராமத்தினர், அதை உடனடியாக வருவாய்த் துறைக்கோ நீர்வளத் துறைக்கோ தெரிவிப்பது உயிர்களைக் காக்கும்.