முந்திரியின் பகுதி எண் 320: காரணிகளும் பின்ன அமைப்பும்

தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மேல்வாயிலக்கத்தின் மிகச் சிறிய அளவு முந்திரி. அதன் மதிப்பு 1/320. அதற்குக் கீழுள்ளவை கீழ்வாயிலக்கம் எனப்படும். (போர்த்துகீசியர் வழி 16ஆம் நூற்றாண்டில் வந்த முந்திரிக்கொட்டைக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை, சோழர் கல்வெட்டுகளிலேயே இவ்வளவுப் பெயர் உள்ளது.) ஓர் அலகை 320 கூறுகளாகப் பகுத்தது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

காரணிகள் மிகுந்த எண் என்பது போதிய விடையன்று. 320க்குக் காரணிகள் 14. அதனினும் சிறிய 240க்கு 20, சற்றே பெரிய 360க்கு 24. எண்ணிக்கையே நோக்கமாயின் 320 தேர்வாகியிராது. விடை அதன் காரணிப் பகுப்பில் உள்ளது: 320 = 5 × 4 × 4 × 4.

வாய்பாட்டில் இரு வரிசைகள் உள்ளன. ஒன்று கால் (1/4), வீசம் (1/16), கால்வீசம் (1/64) என நான்கு நான்காகக் குறைவது. மற்றொன்று நாலுமா (1/5), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என ஐந்தில் தொடங்கி அவ்வாறே குறைவது. இரண்டாம் வரிசையில் அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் முதல் வரிசையின் உறுப்பு கிடைக்கிறது. நாலுமாவும் மாவும் சேர்ந்தால் கால்; மாவும் காணியும் சேர்ந்தால் வீசம்; காணியும் முந்திரியும் சேர்ந்தால் கால்வீசம். நான்கும் ஒன்றும் ஐந்து என்னும் எளிய உண்மையே இதற்கு அடிப்படை. வீசத்தின் மறுபெயரான 'மாகாணி' (மா + காணி) இக்கூட்டலைச் சொல்லிலேயே காத்து நிற்கிறது. ஐந்தின் வழிப்பட்ட பின்னங்களும் இரண்டின் வழிப்பட்ட பின்னங்களும் மீதியின்றி ஒருங்கே அளக்கப்பட, 5க்கும் 64க்கும் மீச்சிறு பொது மடங்கான 320 தேவைப்பட்டது.

இவ்வமைப்பில் மூன்றுக்கு இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு 106 முந்திரியும், எஞ்சிய மூன்றில் இரு பங்கு முந்திரியும் ஆகும். ஒரு முந்திரியை மீண்டும் 320 கூறிட்டால் கிடைப்பது கீழ்முந்திரி (1/1,02,400). அவ்வெச்சம் 213 கீழ்முந்திரியும், மேலும் மூன்றில் ஒரு பங்கு கீழ்முந்திரியும் ஆகிறது. இனி 106, 213 என்பனவே முடிவின்றி மாறிமாறி வரும். 320இன் எந்த அடுக்கிலும் மூன்று காரணியாக இராமையின், எத்தனை கீழ்ப்படிகள் அமைத்தாலும் இப்பங்கு முழுமையாக அமையாது.

பதின்ம முறையிலோ சிக்கல் வேறு. 320இன் பகாக்காரணிகள் இரண்டும் ஐந்துமே ஆதலால், முந்திரி 0.003125 என ஆறு இடங்களில் முற்றுப்பெறும். கீழ்முந்திரிக்குப் பன்னிரண்டு இடங்கள் வேண்டும். கல்வெட்டு நில அளவுகளைப் பதின்மமாக்குவோர் மூன்று இடங்களோடு நிறுத்தினால் முந்திரி 0.003 ஆகிவிடும், அவ்வாறு 320 முந்திரியைக் கூட்டினால் ஒரு வேலிக்கு மாறாக 0.96 வேலியே கிடைக்கும். கீழ்முந்திரியோ சுழியாகிவிடும். வேலிக்கணக்கைக் கூட்டுவோர் அனைத்தையும் முதலில் முந்திரியாக்கி, காணிக்கு 4, வீசத்திற்கு 20, காலுக்கு 80 என முழு எண்களில் கூட்டி, இறுதியில் 320ஆல் வகுப்பதே பிழையற்ற வழி. கீழ்வாயிலக்கம் வரும் இடங்களில் அதே முறையைக் கீழ்முந்திரியிலிருந்து தொடங்கவேண்டும்.