மூடியிருக்கட்டும், பூட்டியிருக்க வேண்டாம்: தீத்தடுப்புக் கதவுகளும் மக்களின் உரிமையும்

கட்டடத் தீ விபத்துகளில் நெருப்பு தீண்டி இறப்போரைக் காட்டிலும் புகையால் மூச்சுத் திணறி இறப்போரே மிகுதி என்பதும், அந்தப் புகை மாடி விட்டு மாடி ஏறுவதற்குப் படிக்கட்டே பெரும்பாலும் வழியாகிறது என்பதும் தீயணைப்புத் துறையினர் நன்கறிந்த உண்மைகள். தப்பிப்போர் இறங்கிவர வேண்டிய வழியும் புகை ஏறிவரும் வழியும் ஒன்றாகிவிடாமல் காப்பதற்கென்றே படிக்கட்டின் வாசலில் வைக்கப்படுவது தீத்தடுப்புக் கதவு ஆகும். நிலை, கதவுப் பலகை, கீல், தாழ், கண்ணாடி, ஓரப் பட்டை ஆகிய அனைத்தும் ஒரே தொகுதியாக உலையில் சோதிக்கப்பட்டு, 30, 60 அல்லது 120 நிமிடம் நெருப்பைத் தாங்கும் எனச் சான்று பெறும் இக்கதவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3614 என்னும் தரநிலையை வகுத்துள்ளது. உறுப்புகளில் ஒன்றை மாற்றினாலும் சோதனையில் தேறிய கதவு அதுவாக இராது என்பதால், கடையில் கிடைத்த கீலையோ சாதாரணக் கண்ணாடியையோ கொண்டு அதைச் செப்பனிடுவது அதன் சான்றையே பொருளற்றதாக்கிவிடும்.

இக்கதவுக்கு இரண்டு பகைகள் உண்டு. கதவைச் செங்கல்லாலோ முக்காலியாலோ முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்பது ஒன்று; வெளியேறும் வாசலைப் பூட்டி வைப்பது மற்றொன்று. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் குவிக்கப்பட்டிருந்த பொருள்களில் பற்றிய தீ நோயாளிகள் படுத்திருந்த மேல்மாடிகளை எட்டவில்லை. ஆயினும் தடுப்பின்றி மேலேறிய புகையில் ஏறக்குறைய 90 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் நேர்ந்தது மற்ற வகை: வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில் எழுந்த புகை அரங்குக்குள் புகுந்தபோது, கூடுதல் இருக்கைகளால் நடைவழி குறுகியும் வெளிவாசல் அடைபட்டும் இருந்த பால்கனியில் சிக்கியோர் உட்பட 59 பேர் இறந்தனர். எப்போதும் மூடியிருக்க வேண்டும், ஒருபோதும் பூட்டியிருக்கக் கூடாது என்ற இரட்டை விதி காற்றுக்காகத் திறந்து வைப்பதும் களவுக்கு அஞ்சிப் பூட்டி வைப்பதும் இயல்பாகிவிட்ட நம் ஊர்களில் மனத்தில் பதிவது எளிதன்று. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை. 2004 ஜனவரி 23 அன்று அண்டை மாவட்டமான திருச்சியின் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப் பந்தலில் பற்றிய தீ மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளி வகுப்பறைகளில் 94 குழந்தைகள் மாண்டனர். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீ விபத்தில், மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தோர் உட்பட 6 பேர் இறந்தனர். தீயின்போது மின்தூக்கியை நாடக் கூடாது என்று பல கட்டடங்களில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் புகையில்லாத படிக்கட்டு ஒன்று இருந்தால் மட்டுமே அந்த அறிவுரையை எவராலும் பின்பற்ற முடியும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை உயரமான கட்டடங்கள் எனப்படுகின்றன. தீத்தடுப்பு நிபந்தனைகள் இவற்றுக்கே மிகக் கடுமையாக விதிக்கப்படுகின்றன. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் தங்கும் விடுதிகளும் பெரும்பாலும் இந்த உயரத்துக்குக் கீழே நின்றுவிடுகின்றன என்பதால், சான்றிட்ட தீத்தடுப்புக் கதவே இல்லாத படிக்கட்டுகள் இங்கு நிறைய உள்ளன. உயரம் குறைவு என்பதற்காகப் புகை குறைவாக ஏறுவதில்லை; எழுந்து நடக்க இயலாத நோயாளிக்கு இரண்டாம் மாடியும் பத்தாம் மாடியும் ஒன்றே. எனவே விதி வற்புறுத்தாத இடத்திலும் மருத்துவமனை நிர்வாகங்கள் இக்கதவைத் தாமாக முன்வந்து அமைக்க வேண்டும் என்பதே நியாயம்.

கதவு இருக்கும் இடத்தில் அதைப் பரிசோதிப்பது பெரிய வித்தையன்று. கட்டடப் பொறுப்பாளர் ஒருவர் சில நிமிடங்களில் செய்து முடிக்கலாம். கதவை முழுதாகத் திறந்து கைவிட்டால் அது தானாக வந்து சாத்திக்கொண்டு தாழில் விழ வேண்டும். அடுத்து ஒரு சாண் அளவே திறந்து கைவிட்டுப் பார்த்தாலும் அவ்வாறே விழ வேண்டும். இரண்டாவது சோதனையில்தான் பல கதவுகள் தோற்கின்றன, ஏனெனில் கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர் தளர்ந்திருந்தால் கதவு நிலையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடும். குளோசரின் உடலில் எண்ணெய் கசிந்த கறுப்புத் தடம் தெரிந்தால், திருகாணியை இறுக்கிச் சமாளிப்பதை விட்டு அதை மாற்றிவிடுவதே முறை. கதவின் பக்கங்களிலும் மேலேயும் நிலைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் புகும் அளவாக இருப்பது நல்லது. அந்த இடுக்கில் ஓடும் பட்டை, சூடேறும்போது பலமடங்கு ஊதிப் பெருத்து இடுக்கை அடைத்துவிடும் பொருளால் ஆனது. புதுப் பூட்டு வைக்க அதை வெட்டியிருந்தாலோ, அது பெயர்ந்து தொங்கினாலோ அந்த இடத்தில் புகைக்கு வழி பிறந்துவிடும். கண்காணிப்புக் கேமராவுக்கும் இணையத்துக்கும் கம்பி இழுக்க நிலைக்கு மேல் சுவரில் போட்ட துளைகள் அடைக்கப்படாமல் விடப்படுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் கதவைச் சூழ்ந்த சுவர் ஓட்டையாக இருக்கையில் கதவு மட்டும் புகையைத் தடுத்துவிட இயலாது.

இம்மாவட்டத்தின் தட்பவெப்பமும் கதவுகளைப் பாதிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரக் கதவு உப்பி நிலையில் உரசும்போது ஆசாரியை அழைத்து ஓரத்தை இழைத்துவிடுகிறார்கள். கோடையில் மரம் சுருங்கியதும் இழைத்த இடம் இடைவெளியாக நின்றுவிடுகிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் கீலும் இரும்புத் தகடும் துருப்பிடிப்பதால், அங்கே பரிசோதனையின் இடைவெளி குறுகியிருப்பது அவசியம். வேனில் புழுக்கத்தில் காற்றுக்காகக் கதவை அண்டைகொடுத்துத் திறந்து வைப்போரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. தீ எச்சரிக்கைக் கருவியோடு இணைந்து, மணி அடித்ததும் பிடியைத் தளர்த்திக் கதவைச் சாத்த விடும் காந்தப் பிடிகள் கிடைக்கின்றன. ஸ்ட்ரெச்சர் ஓயாமல் போய்வரும் வாசலுக்கு அவையே பொருத்தம். லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 பேரைப் பலிகொண்ட தீயை ஆராய்ந்த விசாரணை, வீட்டு வாசற்கதவுகள் பல தாமாகச் சாத்திக்கொள்ளாததால் புகை பொது வழிக்குப் பரவியதைச் சுட்டியது. அதன்பின் இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது 2023 ஜனவரி முதல் சட்டக் கடமையாயிற்று. அந்த மூன்று மாதக் கணக்கை இங்குள்ள மருத்துவமனைகளும் விடுதிகளும் தமக்கென ஏற்று, பரிசோதித்த நாளையும் கண்ட குறையையும் ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம்.

திருமண மண்டபங்களின் நிலை வேறு. அங்கே தீத்தடுப்புக் கதவைவிட வெளியேறும் வாசலே முதற்கவலை. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துகளுக்குப் பலர் கூட்டாகச் சேர்ந்து விருந்து வைப்பதால் பந்தலிலும் மண்டபத்திலும் பந்தி பந்தியாகக் கூட்டம் நிறையும். அதே நேரத்தில் சமையற்கட்டில் பெரிய அடுப்புகளும் எரிவாயு உருளைகளும் இருக்கும். அங்குள்ள பின்வாசல் பாத்திரம் களவு போகும் என்று பூட்டப்பட்டு, சாவி கண்காணிப்பாளரின் இடுப்பில் இருக்குமானால் அதை வாசல் என்று சொல்வதில் பொருளில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும், உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கும்படி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. களவுக்கு அஞ்சுவோர், உட்புறம் அழுத்தினால் திறந்துகொண்டு வெளிப்புறம் திறக்காத தள்ளுகம்பியைப் பொருத்திக்கொண்டால் அச்சமும் தீரும், உயிருக்கும் பாதுகாப்பு.

மண்டபம், பள்ளி, விடுதி போன்றவை தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம் வழங்கல்) சட்டம், 1965-இன் கீழ் உரிமம் பெற்று நடத்தப்பட வேண்டியவை. மண்டபத்தை வாடகைக்குப் பேசுவோர் முன்பணம் கொடுக்குமுன் அந்த உரிமத்தையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் காட்டச் சொல்வதும், விழா நாளில் எல்லா வாசலும் திறந்திருக்கும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குவதும் அவர்களது உரிமை. மருத்துவமனையில் உறவினரைச் சேர்ப்போரும் அதேபோல் படிக்கட்டு எங்கே என்று கேட்டு ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். பூட்டிய வாசலைக் கண்டால் முதலில் நிர்வாகத்திடமும், பயனில்லையேல் உள்ளூர்த் தீயணைப்பு நிலைய அலுவலரிடமும், மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுத்து மூலம் புகார் அளித்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் சொல்லலாம். நடவடிக்கை இல்லாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், குறிப்பிட்ட கட்டடத்துக்கு அளித்த தடையின்மைச் சான்றின் நகலையும் கடைசி ஆய்வின் நாளையும் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரமே கெடு.

தீங்கு நேர்ந்த பின்னரும் வழிகள் உள்ளன. கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவையில் பாதுகாப்புக் குறைவு இருந்ததெனக் காட்டி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்க்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். உபஹாரில் உறவினரை இழந்தோர் சங்கமாகத் திரண்டு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் இழப்பீட்டுத் தொகையைக் குறைத்தபோதிலும், அதில் 85 விழுக்காட்டைத் திரையரங்கு உரிமையாளரும் 15 விழுக்காட்டை டெல்லி மின்வாரியமும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் வாசல் பூட்டியிருந்ததா என்பதே முதல் கேள்வியாக வரும் என்பதால், புகார் மனுவின் ஒப்புகையையும் பூட்டிய கதவின் நாளிட்ட புகைப்படத்தையும் பத்திரப்படுத்தி வைப்பது வழக்குக்கு வலுச் சேர்க்கும்.