நடுவானில் நின்ற எஞ்சின்

சாதாரண விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டாலும், இறக்கைகள் அதனைச் சிறிது தூரமாவது தாங்கிச் செல்லும் என்பதை நாம் அறிவோம். ஹெலிகொப்டருக்கோ தலைமேற் சுழலும் விசிறியே இறக்கை. அதனைச் சுழற்றும் எஞ்சின் நின்றால் ஹெலிகொப்டர் கல்லைப்போல் விழுந்துவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு, 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆந் திகதி பிரான்சு தேசத்தில் நிகழ்ந்த சம்பவமொன்றே போதிய சான்றாகும்.

ஜான் பூலே அந்நாட்டின் கைதேர்ந்த பரீட்சார்த்த விமானி. அப்போது வயது 51. 1955இலேயே ஹெலிகொப்டரில் 8,209 மீற்றர் உயரம் ஏறிச் சாதனை நாட்டியவர். இம்முறை அவர் ஏறியது லாமா என்னும் சிறிய ஹெலிகொப்டரில். (மலைப் பிரதேசங்களுக்கென இந்தியா வேண்டிக்கொண்டதற்கிணங்க உருவான இனம் இது, பின்னர் இந்தியாவிலேயே சீத்தா என்ற பெயருடன் கட்டப்பட்டது.) தேவையற்ற பாகங்களைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, தென் பிரான்சிலுள்ள இஸ்த்ர் என்னுமிடத்தில் வானேறினார். எட்டிய உயரம் 12,442 மீற்றர். நமது பீதுருதாலகாலை மலையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 63 பாகை செல்சியஸ்.

இறங்கும்பொருட்டு எஞ்சினின் விசையைக் குறைத்தார். உள்ளே எரிந்துகொண்டிருந்த சுவாலை அணைந்துபோயிற்று. மீண்டும் மூட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு, கண்ணாடிக் கூண்டை உறைபனி மூடிப் பார்வையையும் மறைத்தது.

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? விமானியின் இடக்கைப் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதனை மேலே இழுத்தால் விசிறித் தகடுகளின் சாய்வு கூடி ஹெலிகொப்டர் எழும். கீழே போகின்றோம் என்று உணர்ந்தவன் கை அதனை இழுக்கத்தானே துடிக்கும்? எஞ்சின் நின்றபின் இழுத்தானாயின், விசிறியின் வேகம் சில கணங்களில் வற்றிவிடும், பின்னர் மீட்சியில்லை. ஆகவே மனம் மேலே என்று கதறும்போது கை கீழே தள்ள வேண்டும். தள்ளினால், கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்றே விசிறியைச் சுழற்றும். பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு சிறுவன் ஓட ஓட அது சுழல்கிறதல்லவா? இங்கே ஓட்டத்துக்குப் பதில் வீழ்ச்சி, அவ்வளவே. நின்ற எஞ்சின் விசிறியையும் பிடித்து நிறுத்தாதோ எனில், மிதிப்பதை நிறுத்திய பின்னும் சைக்கிள் சில்லு தன்பாட்டில் ஓடுவது போன்றதோர் அமைப்பு அங்கும் உண்டு.

தரையை அண்மியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, கடைசியாகக் கைப்பிடியை மேலே இழுக்க வேண்டும். விசிறியில் எஞ்சியுள்ள சுழல்வேகம் முழுவதும் அப்போது செலவாகி, ஹெலிகொப்டரை மெல்ல இறக்கும். இஃது ஒரே முறைதான். முந்தி இழுத்தால் வேகம் உயரத்திலேயே தீர்ந்துபோம். பிந்தினால் தரையில் மோதல். ஹெலிகொப்டர் ஓட்டப் பழகுவோர் இதனைத் திரும்பத் திரும்பப் பயில்வது இதனாலேயே.

பூலே பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்தினின்றும், எஞ்சினின் உதவி சிறிதுமின்றி, பத்திரமாகத் தரையிறங்கினார். ஏறிய சாதனை பல ஆண்டுகள் நிலைத்து நின்றது. நமக்கோ அவர் இறங்கியதே பெரிதாகப் படுகிறது. 2011இல், தமது 90ஆவது வயதில், அவர் காலமானார்.