விருப்பு வாக்கும் நியாயத்தின் அளவுகோல்களும்

2024 செப்டெம்பர் 21 இல் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் எந்தவொரு வேட்பாளரும் அறுதிப் பெரும்பான்மையைப் பெறவில்லை. இதனால் 1982 இன் முதலாவது ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னர் முதற்தடவையாக விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலை ஏற்பட்டது. முதலிரு இடங்களைப் பெற்ற அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச ஆகியோரைத் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்குக் கிடைத்த வாக்குச்சீட்டுகளில் இவ்விருவருக்கும் இருந்த விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. இம்முறை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை நாம் சிந்திப்பது பொருத்தமானதாகும்.

ஏனைய ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடியவரே தெரிவாக வேண்டும் என்பது 18 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சேயின் பெயரால் வழங்கும் அளவுகோலாகும். நூறு வாக்காளர்களில் முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 வாக்குகள் கிடைப்பதாகக் கொள்வோம். முதலிருவரின் ஆதரவாளர்கள் அனைவரும் மூன்றாமவரையே அடுத்த தெரிவாகக் கொண்டிருந்தால், அவர் முதலாமவரை 60 இற்கு 40 எனவும் இரண்டாமவரை 65 இற்கு 35 எனவும் வெல்லக்கூடியவர். எனினும் எமது முறையில் முதலில் நீக்கப்படுபவர் அவரே.

குறையற்ற முறையொன்று வேறெங்கும் உண்டா எனின், இல்லை என்பதே விடை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் உள்ளபோது, அடிப்படையான நியாய நிபந்தனைகள் அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்றும் தரவரிசை வாக்களிப்பு முறை இருக்க முடியாதென பொருளியலாளர் கெனத் அரோ 1951 இல் நிறுவினார்.

ஆயினும் எமது முறைக்கு ஒரு சிறப்புண்டு. முதல் தெரிவு நீக்கப்பட்ட பின்னரே அடுத்த தெரிவு பார்க்கப்படுவதால், விருப்பு வாக்கு அளிப்பதனால் முதல் தெரிவுக்கு எவ்வித பாதகமும் ஏற்படுவதில்லை. இதனைப் பெரும்பாலானோர் பயன்படுத்தவில்லை என்பதே கவலைக்குரியது. நீக்கப்பட்டோர் பெற்ற 33,21,666 வாக்குகளில் இறுதி இருவரையும் சென்றடைந்தவை 2,73,131 மாத்திரமே. எஞ்சிய 30 இலட்சத்திற்கும் அதிகமான வாக்குகள் இறுதி முடிவில் பங்குகொள்ளவில்லை. வெற்றி பெற்றவரின் 57,40,179 வாக்குகள் இரண்டாம் சுற்றில் கணிக்கப்பட்டவற்றில் 55.89 சதவீதமாயினும், செல்லுபடியான மொத்த வாக்குகளில் சுமார் 43 சதவீதமே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, எந்த முறை சிறந்தது என்ற விவாதத்திற்கு முன்னதாக, கையிலுள்ள உரிமையை முழுமையாகப் பயன்படுத்த வாக்காளர்களுக்கு வழிகாட்டுவதே இன்றைய தேவையாகும். அதுவரை பெரும்பான்மை என்பது எண்ணப்பட்ட வாக்குகளின் பெரும்பான்மையாகவே இருக்கும், மக்களின் பெரும்பான்மையாகாது.