ஆப் காட்டும் 'சுகர்' கணக்கு: வாழைப்பழமும் டீ சர்க்கரையும் ஒண்ணா? பிரித்துப் பார்ப்பது எப்படி?

காலையில் குடித்த காபி, டிபனுக்குப் பிறகு சாப்பிட்ட வாழைப்பழம், மதியம் தயிர் என எல்லாவற்றையும் செல்போன் ஆப்பில் பதிவு செய்யும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. ராத்திரி கணக்கைத் திறந்தால் 'சுகர்: 62 கிராம்' என்று சிவப்பு நிறத்தில் காட்டும். பயந்துபோய் பலரும் முதலில் கை வைப்பது வாழைப்பழத்தில்தான். டீயில் போடும் 2 ஸ்பூன் சர்க்கரை மட்டும் அப்படியே தொடரும்.

சிக்கல் அங்கேதான் இருக்கு. அந்த 62 கிராமில் உணவிலேயே இருந்தது எவ்வளவு, நாம் அள்ளிப் போட்டது எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு சொன்னது. இப்படிப்பட்ட நாட்டில், குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் குறைப்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் எல்லாம் இயற்கை சர்க்கரை. சமைக்கும்போதோ, கம்பெனியில் தயாரிக்கும்போதோ, டம்ளரில் கலக்கும்போதோ போடுவது சேர்த்த சர்க்கரை.

"சர்க்கரைன்னா எல்லாம் சர்க்கரைதானே?" என்று கேட்கலாம். மூலக்கூறு அளவில் அது சரிதான். ஆனால் முழுப் பழத்தில் நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். மென்று சாப்பிட நேரம் ஆகும், வயிறும் நிறையும். பாலில் புரதமும் கால்சியமும் கூடவே வரும். டீயில் போடும் சர்க்கரையோடு கலோரியைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இந்தச் சர்க்கரை இருக்க வேண்டும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த அமைப்பு. டீஸ்பூன் கணக்கில் சுமார் 6.

இந்த வரம்பு முழுப் பழம், காய்கறி, பாலில் உள்ள சர்க்கரைக்குப் பொருந்தாது. இது தெரியாமல் ஆப்பில் வரும் மொத்த எண்ணை எடுத்து 25 கிராமோடு ஒப்பிட்டால், ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலுமே வரம்பை நெருங்கிவிடும்.

தேன், வெல்லம், ஜூஸ் எந்தக் கணக்கு?

பலரும் தடுமாறும் இடம் இது. தேன் இயற்கையானதுதான். ஆனாலும் உலக சுகாதார அமைப்பு அதைக் குறைக்க வேண்டிய பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பழச்சாறும் அப்படியே. சர்க்கரை போடாமல் வீட்டில் பிழிந்த ஜூஸாக இருந்தாலும் அதே கணக்குதான். 3 ஆரஞ்சை உட்கார்ந்து சாப்பிட நேரமாகும், அதையே சாறாக்கினால் ஒரே மடக்கு.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுக்கள் இருக்கும் என்பதற்காக அவை கணக்கில் இருந்து தப்பிக்க முடியாது. கருப்பட்டி காபியும் 'சேர்த்தது' பக்கம்தான் வரும்.

ஆப்புக்கு ஏன் தெரிவதில்லை?

உணவில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையையும் கம்பெனி சேர்த்ததையும் கிராம் கிராமாகப் பிரிப்பது பரிசோதனைக் கூடத்திலேயே எளிதல்ல. சோதனையில் கிடைப்பது மொத்த அளவு. எவ்வளவு சேர்த்தோம் என்பது தயாரித்தவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

வீட்டுச் சமையலில் தயாரிப்பாளர் நீங்கள்தான். 'காபி, 1 கப்' என்று தேடி எடுக்கும்போது அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது வேறு யாரோ போட்ட கணக்கு. அதனால் காபியை ஒரே ஐட்டமாகப் பதியாமல் 'பால் 100 மில்லி', 'சர்க்கரை 8 கிராம்' என்று தனித்தனியாகப் பதிவது நல்லது. இன்னொரு விஷயம்: ஆப்பில் சுகர் இடம் காலியாக இருந்தால் அங்கே சர்க்கரை இல்லை என்று அர்த்தம் கிடையாது. யாரும் நிரப்பவில்லை என்றும் இருக்கலாம்.

பாக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளில் 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என இரண்டு வரிகள் உண்டு. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் இயற்கை சர்க்கரை. ஒரு ஃப்ளேவர்டு பால் பாட்டிலில் மொத்தம் 18 கிராம், சேர்த்தது 9 கிராம் என்றால், மீதி 9 கிராம் பாலுடையது.

அங்கே கவனிக்க வேண்டியவை:

- கணக்கு 100 கிராமுக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கா என்று முதலில் பாருங்கள். பாக்கெட் முழுவதையும் சாப்பிட்டால் அதற்கேற்பப் பெருக்க வேண்டும்.
- லேபிளில் உள்ள சதவீதம் 50 கிராமை 100 சதவீதமாக வைத்துப் போடப்படுவது. '20%' என்றால் 10 கிராம். உங்கள் இலக்கு 25 கிராம் என்றால் அது 40 சதவீதம்.
- சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கும். லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், ஜூஸ் கான்சென்ட்ரேட் எல்லாமே சர்க்கரையின் வேறு பெயர்கள்தான்.
- 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. 'நோ ஆடட் சுகர்' என்றால் சர்க்கரையே இல்லை என்று பொருள் அல்ல.

முகப்பில் உள்ள வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். கான்சென்ட்ரேட்டில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஜூஸ்களில் '100% பழச்சாறு' என்று போடுவதை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மால்ட் கலந்த பான வகைகளை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் விற்கக் கூடாது என ஆன்லைன் தளங்களுக்கும் சொல்லப்பட்டது.

ஒரு நாள் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

100 மில்லி பாலில் இயற்கையாக சுமார் 5 கிராம் சர்க்கரை இருக்கும். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 14 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். இதை வைத்து ஒரு நாள்:

- காலை காபி: இயற்கை 5, சேர்த்தது 8
- வாழைப்பழம் ஒன்று: இயற்கை 14, சேர்த்தது 0
- மதியம் தயிர் ஒரு கப்: இயற்கை 5, சேர்த்தது 0
- மாலை டீ: இயற்கை 5, சேர்த்தது 8
- 4 பிஸ்கட் (லேபிளில் உள்ளபடி என்று வைத்துக்கொள்வோம்): சேர்த்தது 6
- ராத்திரி 150 மில்லி பால், 1 ஸ்பூன் சர்க்கரை: இயற்கை 7, சேர்த்தது 4

மொத்தம் 62 கிராம். அதில் இயற்கை 36, சேர்த்தது 26. வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்தினால் ஆப்பில் 43 எனக் குறைந்து காட்டும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் சேர்த்த சர்க்கரை அதே 26-தான். அதற்குப் பதிலாக காபியிலும் டீயிலும் ஆளுக்கொரு ஸ்பூன் குறைத்தால் 26 என்பது 18 ஆகிவிடும். பழமும் தயிரும் தட்டிலேயே இருக்கும்.

ஸ்பூன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குவித்து அள்ளினால் 4 கிராம் என்ற கணக்கு நிற்காது. வீட்டு ஸ்பூனால் 10 முறை அள்ளி, ஒரே ஒரு தடவை எடை போட்டு 10-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எழுத முடியாதவர்களுக்கு?

மளிகை லிஸ்ட்டைப் பாருங்கள். 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 2 கிலோ சர்க்கரை தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 17 கிராம். 4 கிலோ என்றால் 33 கிராம். வெல்லம், தேன் வாங்கினால் அதையும் கூட்ட வேண்டும். கடை டீ, பிஸ்கட், ஸ்வீட், கூல் டிரிங்க்ஸ் இதில் சேராது. வழக்கமான பல கோலா பானங்களில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி குடித்தாலே 25 கிராம் முடிந்தது.

சுகர் உள்ளவர்கள் என்ன செய்யணும்?

அவர்களுக்கு இந்தப் பிரிப்பு மட்டும் போதாது. பழத்தின் சர்க்கரையும் ரத்த சர்க்கரையை ஏற்றும். சாதம், இட்லியில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸாகத்தான் மாறும். எனவே மொத்த கார்போஹைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். எந்தப் பழம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஆப்பை நம்பி உணவைத் திடீரென மாற்றக் கூடாது.

மற்றவர்கள் இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். ஆப்பின் குறிப்புப் பகுதியிலோ ஒரு துண்டுச் சீட்டிலோ இன்று 'சேர்த்தது' எவ்வளவு என்று ஒரே ஒரு எண் மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால், எதைக் குறைக்கணும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.