மறைந்த ரயிலை மீட்டுத் தரும் ஏடுகள்

மாதிரி ரயில் ஓட்டுவதை வெறும் சிறுபிள்ளை விளையாட்டென எண்ணிவிடாதீர்கள், வாசகர்களே! அமெரிக்காவில் பெரியவர்களும் பல்லாண்டுகள் முனைந்து பயிலும் கலை அது. அங்குப் பெருவழக்கிலுள்ள ‘ஹெச்.ஓ.’ அளவில், மாதிரியானது அசலின் 87இல் ஒரு பங்கேயாகும். 40 அடிச் சரக்குப் பெட்டி ஐந்தரை அங்குலமாகிவிடும்.

அளவைச் சுருக்கலாம், உண்மையைச் சுருக்கலாமா? பென்சில்வேனியா ரயில்வேயைப் பாருங்கள். 1846இல் தோன்றிய அந்நிறுவனம், 1968இல் நியூயார்க் சென்ட்ரலுடன் இணைந்து தன் பெயரை இழந்தது. இணைந்த நிறுவனமும் 1970இல் நொடித்துப்போயிற்று. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அதன் எஞ்சின்களைக் காண்பவர், அவை கறுப்பென்றே முடிவு கட்டுவார். உண்மையிலோ அவற்றுள் பல, கறுப்பென மயங்கத்தக்க கரும்பச்சை நிறத்தவை! நிறுவனமே மறைந்தபின் இதனை எவரிடம் கேட்டறிவது?

இங்கேதான் வரலாற்றுச் சங்கங்கள் துணை நிற்கின்றன. அந்த ரயில்வேக்கென 1974இல் ஒரு தொழில்நுட்ப வரலாற்றுச் சங்கம் தோன்றியது. லூயிஸ்டவுன் நகரின் பழைய ரயில் நிலையத்தில் ஆவணக் காப்பகம் அமைத்தது. ‘கீஸ்டோன்’ என்னும் காலாண்டிதழ் வழியே ஆய்வுகளை வெளியிட்டது.

மாதிரி அமைப்போர் முதலில் ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் அக்காலத்து வரைபடம், எழுத்தமைப்பு, வண்ணம் ஆகியவற்றை இத்தகைய சங்கத்தின் ஏடுகளில் தேடலாம்.

பழந்தாள்களைக் குப்பையென எறியுமுன் சற்றே சிந்தியுங்கள். நாளை ஒருவர் தேடி அலையும் விடை அவற்றில் இருக்கக்கூடுமன்றோ!