மேடை என்றதும் மிரள்வது ஏன்?



பள்ளிப் பருவத்தில் மீலாது விழாப் பேச்சுப் போட்டியில் நீங்கள் பரிசாகப் பெற்ற எவர்சில்வர் டம்ளர் ஒன்று உங்கள் வீட்டு அடுக்களையில் இன்றும் இருக்கக்கூடும். அதன் மேல் உங்கள் பெயரும் ஆண்டும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். தந்தையோ உஸ்தாதோ எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களைக் கண்ணாடி முன் நின்று மனனம் செய்து, கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, முழங்கி வாங்கிய பரிசு அது. அன்று ஊரே கூடியிருந்த பந்தலில் அஞ்சாமல் முழங்கிய அதே நீங்கள், இன்று அலுவலகத்தில் பத்துப் பேர் அமர்ந்திருக்கும் குளிரறையில், "இதில் உங்கள் கருத்து என்ன?" என்று மேலாளர் கேட்டதும் நா வறண்டு நிற்கிறீர்களே, அது எதனால்?

அன்று நீங்கள் பேசவில்லை, ஒப்பித்தீர்கள். சொற்கள் பிறருடையவை. பிழை நேர்ந்தால் பழியும் பாதி அவர்களுடையது. இன்று கேட்கப்படுவதோ உங்கள் சொந்தக் கருத்து. அதற்கு நம்மை எவரும் பழக்கவில்லை.

என் தமக்கை மகன் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளன். ஆறு மாதம் இரவு பகலாக உழைத்து ஒரு திட்டத்தை உருவாக்கினான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் முன்னிலையில் அதனை விளக்கும் நாள் வந்தது. முதல் நாள் இரவு அவனுக்கு உறக்கமில்லை. விடிந்ததும் உடன் பணியாற்றும் நண்பனிடம், "எனக்குத் தொண்டை சரியில்லை, நீயே பேசிவிடு" என்று கோப்பைக் கொடுத்துவிட்டான். நண்பன் நன்றாகவே பேசினான். அடுத்த ஆண்டு குழுத் தலைவர் பதவி யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதை நான் கூறத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு வந்தவன் இதைச் சொல்லிவிட்டு, "அவன் என்னை ஏமாற்றவில்லை மாமா. நானாகத்தான் கொடுத்தேன்" என்றான். நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எங்கள் பேச்சுப் பயிற்சி மன்றம் பிறந்தது.

ஸ்மெட்லி என்னும் மனிதர்

இத்தகைய மன்றங்களுக்கு நூறாண்டு கடந்த முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், ப்ளூமிங்டன் நகரின் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் கல்விப் பணிகளைக் கவனித்து வந்தார். அங்கு வந்து போகும் இளைஞர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது, ஆனால் நாலு பேர் நடுவே எழுந்து நின்று பேசவோ ஒரு கூட்டத்திற்குத் தலைமை தாங்கவோ தெரியவில்லை என்பதைக் கண்டார். 1905-ஆம் ஆண்டு அவர்களுக்காக ஒரு பயிற்சி வட்டத்தைத் தொடங்கினார். விருந்துகளில் எழுந்து வாழ்த்துரை வழங்குபவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டோஸ்ட்மாஸ்டர் என்ற பெயரையே அதற்கும் சூட்டினார். (மதுக்கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்தும் வழக்கத்திலிருந்து வந்த பெயராயிற்றே என்று எங்கள் மன்றத்தில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். பெயரில்தான் அது இருக்கிறது, கூட்டத்தில் தேநீர்தான் என்று விளக்கிய பின்னரே சமாதானமானார்.)

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஸ்மெட்லி பணி மாற்றலாகி ஊர் விட்டு ஊர் சென்றார். சென்ற இடங்களிலெல்லாம் வட்டங்களைத் தொடங்கினார். அவர் அங்கிருந்து புறப்பட்டதும் அவை வாடிப்போயின! ஒரு மனிதரைத் தூணாக நம்பி எழுப்பிய கூரை, தூண் நகர்ந்ததும் சரிந்தது. பின்னர் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா அனா நகரில் 1924 அக்டோபர் 22 அன்று அவர் கூட்டிய மன்றமே நிலைத்தது. 1932-இல் அது முறைப்படி பதிவு பெற்ற அமைப்பாயிற்று. இன்று நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் கிளைகள் இயங்குகின்றன. நம் சென்னையிலும் பல உள்ளன. அவை நிலைத்தமைக்குத் தலைமைப் பொறுப்பைச் சுழற்சியில் விட்டது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கூட்டத்தை நடத்துபவர் வாரந்தோறும் மாறுவார். நிர்வாகிகளும் குறித்த காலத்தில் மாறியாக வேண்டும். நம் சங்கங்கள் பலவற்றில் முப்பதாண்டுத் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுப் புதுமைதான்!

பெரியமேட்டு மாடியில்

நாங்கள் ஒன்பது பேர் கூடினோம். மென்பொருள் பொறியாளர் மூவர், கணக்காயர் ஒருவர், மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர், தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் பணியாற்றுவோர் மூவர், ஓய்வு பெற்றவனாகிய நான். பெரியமேட்டில் ஒரு தோல் வணிகர் தம் அலுவலக மாடியை ஞாயிறு மாலைகளில் வாடகையின்றித் தந்தார். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்குள் முடித்தே ஆக வேண்டும். ஆகவே எங்கள் கூட்டம் எழுபத்தைந்து நிமிடம். இந்தக் கட்டாயம் எங்களுக்குப் பெரும் நன்மையாயிற்று. முடிவு நேரம் தெரியாத கூட்டத்திற்கு நகரத்து இளைஞர் இரண்டாம் முறை வரமாட்டார்.

கூட்டம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் இருவரோ மூவரோ ஆயத்தம் செய்துவந்த உரைகளை நிகழ்த்துவார்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு நிமிடம். புதியவரின் முதல் உரைக்கு மட்டும் நான்கு முதல் ஆறு நிமிடம். அதில் அவர் தம்மைப் பற்றியே பேச வேண்டும். தாம் நன்கறிந்த பொருளாதலால் மறந்துபோக வாய்ப்பில்லை அல்லவா? நேரக் காப்பாளர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை அட்டையையும், ஆறில் மஞ்சளையும், ஏழில் சிவப்பையும் உயர்த்துவார். அடுத்து வருவது திடீர்ப் பேச்சு. தலைப்பு அந்த நொடியில் தரப்படும். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் பேசியாக வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் கேட்கும் கேள்விக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. இறுதியாக, ஆயத்த உரை ஒவ்வொன்றையும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடங்களில் மதிப்பிடுவார்.

இவற்றுடன் தேவையற்ற சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணுவார்களாம். நமக்கோ 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா', 'ஆக்சுவலி' என்று ஒரு பட்டாளமே இருக்கிறது! முதற் கூட்டத்தில் நான் மூன்று நிமிடத்தில் பத்தொன்பது 'வந்து' போட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். நம்ப மறுத்தேன். கைப்பேசியில் பதிவு செய்ததை ஓட்டிக் காட்டினார்கள். இருபத்தொன்று இருந்தது.

எம்மொழியில் பேசுவது என்பதில் இரு வாரங்கள் வாதிட்டோம். பணியிடத்தில் ஆங்கிலம்தானே வேண்டும் என்றனர் சிலர். தாய்மொழியில் சிந்தனையைக் கோக்கத் தெரியாதவர் ஆங்கிலத்தில் மட்டும் எப்படிக் கோப்பார் என்று நான் கேட்டேன். முடிவில் ஒரு வாரம் தமிழ், மறு வாரம் ஆங்கிலம் என்றாயிற்று. தமிழ் வாரத்தில்தான் பலர் அதிகம் தடுமாறினார்கள் என்பதை வருத்தத்துடன் எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

எங்களுள் ஓர் இளைஞர் ஆம்பூர்ப் பக்கத்தவர். ஏற்றுமதித் தோலின் தரம் பார்ப்பவர். மிகவும் அடங்கிய சுபாவம். ஐந்தாம் வாரம் தம் முதல் உரையை நிகழ்த்தினார். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை நடுக்கத்தில் தாள் படபடத்தது. மூன்றாம் நிமிடத்தில் நிறுத்திவிட்டு அமர்ந்தார். மதிப்பிடும் பொறுப்பு என்னுடையது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குறைகளைப் பட்டியலிட்டேன். பார்வை சரியில்லை, குரல் எழவில்லை, தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை என்று ஒன்பது குறைகளை, என் குரல் வளத்தை நானே ரசித்தபடி எடுத்துரைத்தேன். சபையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என் பேச்சுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அந்த இளைஞர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"மாமா, அன்றைக்கு நீங்கள் பேசியது அவருக்காகவா, உங்களுக்காகவா?" என்று என் தமக்கை மகன் கேட்டான். வயதில் மூத்தவனாகிய என்னிடம் அவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. கோபம் வந்தது. வீடு சேரும் வரை இருந்தது. பிறகு இல்லை.

மதிப்பீடு என்பதுதான் இம்மன்றங்களின் உயிர்நாடி என்பதை அதன் பின்னரே உணர்ந்தேன். பேசியவரிடம் உண்மையில் இருந்த ஒரு நல்ல அம்சத்தை முதலில் சொல்ல வேண்டும், முகத்துதி கூடாது. அடுத்து, அவர் வரும் வாரமே செய்யக்கூடிய ஒரே ஒரு திருத்தத்தைக் கூற வேண்டும். 'நீங்கள் அஞ்சினீர்கள்' என்பதால் பயனில்லை. அது அவருக்கே தெரியும். 'தாளை மேசை மீது வைத்துவிட்டால் கை நடுங்குவது எவர் கண்ணிலும் படாது' என்பதால் பயனுண்டு. அச்சம் வரும்போது உடல் தானாக ஓட்டத்திற்கு ஆயத்தமாகிறது. இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது. அதனைக் கட்டளையிட்டு நிறுத்த எவராலும் முடியாது. எழுமுன் மெதுவாக நாலைந்து மூச்சு விடுவதும், முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் உறுதியாக மனத்தில் வைத்திருப்பதும் பெருமளவு கைகொடுக்கும்.

நான் அவருடைய அலுவலகத்திற்கே சென்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் எழவில்லை. அங்கும் நாலைந்து 'வந்து' போட்டேன். அவர் தேநீர் வரவழைத்தார். மேசை மீது ஆட்டுத்தோல்கள் குவிந்திருந்தன. பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து விரல் நுனியால் தடவி, "இது உண்ணி கடித்த வடு. இது முள் கீறியது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்" என்றார். பத்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். குரலில் துளி நடுக்கமில்லை. "இதையே ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்களேன் தம்பி" என்றேன். அவர் விடையேதும் சொல்லவில்லை.

பின்வரிசையில் அமர்ந்தவர்கள்

மூன்றாம் மாதத்தில் உறுப்பினர் ஒருவரின் சகோதரி, பல் மருத்துவர், தாமும் சேரலாமா என்று கேட்டனுப்பினார். கூடத்தில் சற்று மௌனம் நிலவியது. அப்போது நான் எடுத்துச் சொன்ன செய்தியை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்மெட்லியின் அமைப்பே நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1970-இல் சான் டியாகோ நகரைச் சேர்ந்த ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண்மணி, ஹோமர் என்ற ஆண் பெயரில் பதிவு செய்து உறுப்பினரானார். 1973-இல் பெண்களுக்குக் கதவு முறைப்படி திறந்தது. 1985-இல் அதே அம்மையார் உலக அமைப்பின் தலைவரானார்! நம் பெண்மக்களும் பெயரை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டுமா?

இப்போது எங்களிடம் பெண்கள் ஆறு பேர். தாயையோ சகோதரனையோ அழைத்து வருபவர்கள் உண்டு. தனியே வருபவர்களும் உண்டு. பின்வரிசையில் துணைக்கு வந்து அமர்ந்த தாய்மார் ஒருவர், ஒரு நாள் திடீர்ப் பேச்சுக்கு ஆள் குறைந்தபோது தாமே எழுந்து, ரேஷன் கடை வரிசையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அன்றைய மாலை அவருடையதாயிற்று. பல் மருத்துவரோ, நோயாளிகளிடம் சிகிச்சையை விளக்கும்போது தாம் எவ்வளவு விரைவாகப் பேசுகிறார் என்பதே இங்கு வந்துதான் தெரிந்தது என்கிறார்.

அந்த ஆம்பூர் இளைஞர் எட்டாம் வாரம் வந்தார். கையில் தாள் இல்லை. ஒரு துண்டுத் தோல் இருந்தது. அதை முன்வரிசையில் கொடுத்துக் கைமாற்றச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார். தடவிப் பார்த்தவர்கள் வடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்ததால், அவர் முகத்தை எவரும் உற்றுப் பார்க்கவில்லை. அதுவே அவருக்கு உதவியாயிற்று போலும். மஞ்சள் அட்டை உயர்ந்தபோது அதைக் கவனித்து, முடிவுக்கு வந்தார். 'வந்து' எண்ணிக்கை பதினொன்று. மதிப்பிடும் பொறுப்பை அன்று நான் ஏற்கவில்லை. என் தமக்கை மகன் ஏற்றான்.

உங்கள் பகுதியிலும் தொடங்க விரும்பினால் பெரும் பொருள் தேவையில்லை. நாங்கள் தலைக்கு மாதம் நூறு ரூபாய் எடுக்கிறோம். தேநீருக்கும் சமோசாவுக்கும் போக மிச்சமே இருக்கிறது. தொடக்க விழா, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். அவற்றிலேயே முதல் மாலை கழிந்துவிடும். உலக அமைப்பின் சாசனம் பெறுவதற்கு இருபது உறுப்பினர்கள் வேண்டும். எங்களிடம் இப்போது பதினேழு பேர். அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்திற்கு ஐந்தாறு பேரும், ஒரு கடிகாரமும், மூன்று நிற அட்டைகளும் போதும். எங்கள் அட்டைகள் பழைய திருமண அழைப்பிதழ்களில் வெட்டியவை.